இறக்கத்தில் கேட்காத சத்தம்

காயில்காரனுக்குக் காது கொஞ்சம் அதிகம். மற்றவர்களுக்கு வாயில் வைத்ததையும் சேர்த்து அவனுக்குக் காதிலேயே வைத்துவிட்டான் ஆண்டவன் என்று எதிர்வீட்டு இஸ்திரிக்காரர் சொல்வார். எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்து, கருகின செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பது அவன் தொழில். மிக்ஸியோ, ஃபேனோ, தண்ணீர் மோட்டாரோ, ஒரு தடவை சுவிட்சைப் போட்டு அணைத்தால் போதும். பேரிங் போயிருக்கிறதா, காயில் போயிருக்கிறதா என்று மூடியைத் திறக்காமலே சொல்லிவிடுவான். சொன்னது தப்பினதில்லை. அதில் அவனுக்குக் கர்வமும் உண்டு. அந்தக் காதை அவன் மோட்டார்களோடு நிறுத்திக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அவன் மனைவி ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருகிற வேலை. தெருவில் அவளுக்கு ஊசியக்கா என்று பெயர். வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களிடம் விடியற்காலையில் ஆரம்பித்தால் வீடு திரும்பச் சாயங்காலம் ஐந்தரை ஆகிவிடும். ஊர் முழுக்க மேடும் பள்ளமும். கால் வலியோடு எத்தனை நாள்தான் மிதிப்பாள் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு எலக்ட்ரிக் சைக்கிள் வாங்கினார்கள்.

வாங்கின மறுநாளே காயில்காரன் அதைப் பிரித்துப் போட்டுவிட்டான். சீட்டுக்கு அடியில், மோட்டாருக்குப் போகிற கரண்ட்டைக் கட்டுப்படுத்துகிற கன்ட்ரோலர் பெட்டி இருந்தது. அதில் யாரும் சேர்க்காமல் விட்டிருந்த இரண்டு மெல்லிய ஒயர்களைக் கண்டுபிடித்து, முறுக்கி, ஈயம் வைத்து ஒட்டினான். அதற்குப் பிறகு பிரேக்கைத் தொட்டால் மோட்டார் வேலையை மாற்றிக்கொண்டது. சக்கரத்தைச் சுற்றுவதை விட்டுவிட்டு, சுற்றுகிற சக்கரத்திலிருந்து கரண்ட் எடுத்து பேட்டரிக்குத் திருப்பி அனுப்பியது. இறக்கத்தில் இறங்கினால் சும்மா வருகிற கரண்ட். பிரேக் கட்டையும் தேயாது. ஒரே ஒரு குறை, சத்தம். பிரேக் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் மோட்டார் அடிவயிற்றிலிருந்து 'ங்ஙூம்ம்ம்' என்று முனகும். வேகம் குறையக் குறைய முனகலும் தாழ்ந்துகொண்டே வந்து, நிற்கிற இடத்தில் ஒரு பெருமூச்சாக முடியும்.

"நான் வாசல்ல போய் நிக்கறதுக்குள்ள இது மாடு மாதிரி கத்துதுங்க. ஊசி வந்திருச்சுன்னு தெரிஞ்சு பாதிப் பேர் கொல்லைப்பக்கம் ஓடிடறாங்க" என்று அவள் முறையிட்டாள். அது கரண்ட் வருகிற சத்தம், கேட்கக் கேட்கப் பழகிவிடும் என்று அவன் சொன்னான். அவனுக்குப் பழகியும் விட்டது. பழகினது மட்டுமா, அது இல்லாமல் சாயங்காலமே ஆகாது என்கிற அளவுக்குப் போய்விட்டது.

அவர்கள் வீடு ஒரு நீளமான இறக்கத்தின் அடியில் இருந்தது. முன்னறைதான் அவன் பட்டறை. ஐந்தேகாலுக்குக் கம்பி சுற்றுகிற மெஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வான். இறக்கத்தின் உச்சியில் தண்ணீர்த் தொட்டி வளைவு. அங்கே ஒரு முனகல், லேசாக. நடுவில் பள்ளிக்கூடத்து வேகத்தடை. அங்கே இரண்டாவது. கடைசியாக வீட்டு வாசல். முதல் முனகலுக்கு அடுப்பைப் பற்றவைத்தால் மூன்றாவது முனகலுக்கு டீ இறங்கிவிடும். இதைவிடப் பெண்டாட்டியைக் கவனித்துக்கொள்கிற புருஷன் எங்கே இருக்கிறான் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

டீயோடு ஒரு கேள்வியும் இருக்கும். வேகத்தடைக்கு முன்னாலேயே ஏன் ஒரு பிரேக், யார் குறுக்கே வந்தது. வளைவில் ஏன் ஒரேயடியாக நின்றாய், யாரைப் பார்த்தாய். முதலில் அவள் சிரித்தாள். உங்களுக்குத் துப்பறிகிற வேலை கொடுத்திருக்க வேண்டும் என்றாள். போகப்போக "நாய்" என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தாள். யார் குறுக்கே வந்தது, நாய். ஏன் நின்றாய், நாய். ஒருநாள் அவன் அந்த இறக்கம் முழுக்க நடந்து போய்ப் பார்த்தான். மொத்தம் இரண்டே நாய்தான் இருந்தது, அதில் ஒன்று கிழடு.

அப்படிப்பட்டவனுக்கு ஒரு திங்கட்கிழமை சத்தம் வரவில்லை.

ஐந்தரை ஆயிற்று. தொட்டி வளைவில் ஒன்றுமில்லை, வேகத்தடையில் ஒன்றுமில்லை. நிமிர்ந்தால் அவள் வாசலில் நின்று ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள். அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுப்பு பற்றவைக்கவில்லை, கேட்கக் கேள்வியும் இல்லை. எதிரே இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "என்ன, ஊசியக்கா வண்டி மௌன விரதமா? நான் அந்தச் சத்தத்துக்குத்தான் கரி அள்ளிப் போடுவேன்" என்றார். அவள் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். காயில்காரனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் முகம் கழுவுகிற நேரத்தில் அவன் சைக்கிளிடம் போனான். பின்சக்கரத்து மோட்டாரில் உள்ளங்கையை வைத்தான். வெதுவெதுவென்று இருந்தது. ஓடி வந்த மோட்டார் கொஞ்ச நேரம் சூட்டை வைத்திருக்கும். வந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தொட்டே சொல்லிவிடுவான். அப்படியானால் இப்போதுதான் வந்திருக்கிறாள். பின்னே ஏன் சத்தம் இல்லை? தொழில் தெரிந்த மண்டைக்கு ஒரு பதில் உடனே கிடைத்தது. பேட்டரி நிறைந்திருந்தால் திரும்பி வருகிற கரண்ட்டை அது வாங்கிக்கொள்ளாது. வாங்கிக்கொள்ளாவிட்டால் முனகலும் வராது. காலையில் கிளம்புகிறபோது அப்படித்தான் சத்தமில்லாமல் போகும். ஆனால் நாளெல்லாம் அலைந்து திரும்புகிற வண்டியில் எப்படி பேட்டரி நிறைந்திருக்கும்? எங்கேயோ சார்ஜ் போட்டிருக்கிறாள். முழுதாக நிறைய வேண்டுமானால் மூன்று மணி நேரமாவது ஆகும். மூன்று மணி நேரம் யார் வீட்டில்?

மீட்டரை எடுத்து வந்து பேட்டரியை அளந்தான். நிறைந்திருக்கவில்லை. வழக்கமாக இந்த நேரத்துக்கு இருப்பதைவிட ஒரு வோல்ட் குறைவாகவே இருந்தது. வேறு எவனாக இருந்தாலும் அப்பாடா என்று மீட்டரை உறையில் போட்டிருப்பான். பொறாமைப்படுகிறவன் அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடுவானா? குறைந்த ஒரு வோல்ட்டை வைத்துக்கொண்டு அவன் வேறு கணக்குப் போட்டான். சார்ஜ் அதிகம் செலவாகியிருக்கிறது. ஆகவே அதிக தூரம் ஓடியிருக்கிறாள். பிரேக் சத்தம் இல்லை. ஆகவே இறக்கத்தில் வரவில்லை, ஆற்றோரமாகச் சுற்றி வருகிற சமதளப் பாதையில் பிரேக்கே தொடாமல் உருண்டு வந்திருக்கிறாள். அந்தப் பாதையில்தான் சிக்னல் சார் வீடு இருக்கிறது.

சிக்னல் சாரை அவன் பார்த்ததில்லை. ரயில்வேயில் சிக்னல் பராமரிப்பில் இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர், தனி ஆள், சர்க்கரை நோயாளி. வாரத்துக்கு ஒருமுறை அவள் போய் ரத்தம் எடுப்பாள். இவ்வளவுதான் தெரியும். ஆனால் அவர் சொன்னதாக அவள் வீட்டில் வந்து சொன்ன வேடிக்கைப் பேச்சுகள் மூன்று. 'என் ரத்தத்தைக் கொஞ்சம் டீயில் கலந்துக்கோங்கம்மா, சர்க்கரை மிச்சம்' என்பது அதில் ஒன்று. அதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பு அவன் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது. அவனுக்கு வேடிக்கையாகப் பேச வராது. கல்யாணமாகி பதினோரு வருஷத்தில் அவள் அப்படிச் சிரிக்கும்படி அவன் ஒரு வார்த்தை சொன்னதாக ஞாபகம் இல்லை.

செவ்வாய்க்கிழமையும் சத்தம் வரவில்லை. புதன்கிழமை வார்னிஷ் வாங்கப் போவதாக அடுத்த கடையில் சொல்லிவிட்டுப் பட்டறையை அடைத்தான். ஆற்றோரப் பாதையில் ஒரு மரத்தடியில் போய் நின்றான். ஆறு மணி வரை நின்றான். போகிற வருகிற சைக்கிள் ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்ததில் இரண்டு பேர் அவனுக்கு வணக்கம் சொன்னார்கள். அவள் வரவே இல்லை. திரும்பி வந்தால் அவள் வீட்டில் உட்கார்ந்து தானே டீ போட்டுக் குடித்துக்கொண்டிருந்தாள். எங்கே போனீர்கள் என்று கேட்டாள். வார்னிஷ் வாங்க என்றான். அவள் அவனுடைய வெறுங்கையைப் பார்த்தாள். ஸ்டாக் இல்லையாம் என்று அசடு வழிந்தான். சந்தேகப்பட்டவன் அவன், பொய் சொன்னவனும் அவன். இது அவனுக்கு உறைக்கவில்லை. அவளுக்கு உறைத்தது.

வியாழக்கிழமை இடத்தை மாற்றினான். தொட்டி வளைவில் ஒரு பழுதான லாரி நெடுநாளாகக் கிடந்தது. அதன் பின்னால் போய் நின்றுகொண்டான். ஐந்து இருபதுக்கு அவள் வந்தாள். இறக்கத்தில்தான் வந்தாள். சத்தமே இல்லை. பிரேக் கட்டை விளிம்பில் உரசுகிற சின்னக் கிறீச் மட்டும். மிதிப்பதை விட்டுவிட்டு இரண்டு கால்களையும் முன்னால் நீட்டியிருந்தாள், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளை மாதிரி. வாய் எதையோ பாடிக்கொண்டிருந்தது. பாட்டு அவன் காதுக்கு எட்டவில்லை. அவன் காதுக்கே எட்டவில்லை.

வளைவில் நின்றாள். ஒரு காலைக் கைப்பிடிச் சுவரில் வைத்துக்கொண்டு கீழே தெரிகிற கூரைகளைப் பார்த்தாள். தானாகச் சிரித்தாள். காயில்காரனுக்கு ரத்தம் தலைக்கேறியது. ஆளில்லாமல் எவளாவது அப்படிச் சிரிப்பாளா? இதோ வரப்போகிறான், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தான். யாரும் வரவில்லை. ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு அவள் போய்விட்டாள். வரவேண்டியவன் இன்றைக்கு வரவில்லை என்று அவன் முடிவு கட்டினான். லாரிக்குப் பின்னால் படுத்திருந்த கிழட்டு நாய் அவனை ஒருமாதிரி பார்த்தது.

வெள்ளிக்கிழமை காலை அவள் குளிக்கப் போயிருந்தபோது சீட்டைக் கழற்றி கன்ட்ரோலர் பெட்டியைத் திறந்தான். அவன் முறுக்கி ஈயம் வைத்த அந்த இரண்டு ஒயர்களும் வெட்டப்பட்டிருந்தன. திரும்பி வரவேண்டிய கரண்ட் வராமல்தான் அந்த ஒரு வோல்ட் குறைந்திருக்கிறது. பட்டறையில் அவன் புழங்குவது கறுப்பு டேப். இதில் இருந்தது வெள்ளை டேப், ரத்தம் எடுத்த கையில் பஞ்சை வைத்து ஒட்டுகிற டேப். ஒவ்வொரு ஒயர் முனையிலும் ஒரு துளிப் பஞ்சு, அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சுற்று. ஓரம் மடித்து ஒட்டியிருந்தது, அடுத்த தடவை பிரிப்பதற்கு வசதியாக.

அவள் கைப்பையில் வேறொருத்தன் சீப்பு இருந்திருந்தால்கூட இப்படி எரிந்திருக்காது. என் வண்டிக்குள் இன்னொருத்தன் கை. அதிலும் என்ன கை! வெட்டு நேராக இருந்தது, ஒரு இழைகூடப் பிசிறவில்லை. சேர்த்து முறுக்கின இடத்தை இழுக்காமல் பக்கத்தில் வெட்டியிருந்தான் படுபாவி. பத்து வருஷம் சுற்றின கையாக இருக்க வேண்டும். தன்னால் அவ்வளவு குறுகலான இடத்தில் அப்படி மடித்து ஒட்ட முடியுமா என்று காயில்காரன் ஒரு கணம் யோசித்துப் பார்த்தான். முடியாது. தன் விரல் தடிமன். அந்த நினைப்பில் ஒரு பொறாமை இரண்டாகிவிட்டது. பெண்டாட்டியைச் சிரிக்கவைக்கவும் தெரிகிறது, ஒயர் வேலையும் தெரிகிறது. சிக்னலில் இருந்தவனுக்கு ஒயர் தெரியாமல் என்ன? வாரா வாரம் ரத்தம் கொடுக்கிறவன் வீட்டில் வெள்ளை டேப்புக்குப் பஞ்சமா? எல்லாம் பொருந்தி வந்தது. சாயங்காலம் சத்தம் கேட்கக்கூடாது என்று இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து வெட்டியிருக்கிறார்கள்.

அவன் எதையும் தொடவில்லை. பெட்டியை மூடி சீட்டை மாட்டினான். சனிக்கிழமை காலை அவள் வேலைக்குப் போனதும் வாளியில் தண்ணீரை மொண்டு தலையில் கொட்டிக்கொண்டான், இருப்பதில் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டான், சிக்னல் சார் வீட்டுக்குப் போனான். போகிற வழியெல்லாம் கேட்கவேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். எல்லாம் கெட்ட வார்த்தையில் முடிந்தது.

கதவைத் திறந்த ஆளைப் பார்த்ததும் அவனுக்கு முகம் சுண்டிப்போனது. கிழவராக இருக்கக்கூடாதா என்று உள்ளூர ஒரு ஆசை இருந்திருக்கிறது. ஆள் வாட்டசாட்டமாக இருந்தார். ஐம்பத்தைந்துக்கு மேல் மதிக்க முடியாது. தலை நிறைய முடி. காயில்காரன் தன்னையறியாமல் தன் முன்வழுக்கையைத் தடவிக்கொண்டான். யாரென்று கேட்டவரிடம், ஊசியக்கா வீட்டுக்காரர் என்று சொல்ல வேண்டி வந்தது. சொந்தப் பெயர் தேவைப்படவில்லை.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. வாங்க வாங்க என்று தோளில் கை போட்டு உள்ளே கூட்டிப்போனார். உட்கார வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார். அப்போதுதான் காயில்காரன் பார்த்தான். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தும் டம்ளர் தட்டில் கடகடவென்று ஆடியது. பாதித் தண்ணீர் தட்டில். அவர் அதைப் பார்த்து, ஒரே நேரத்தில் தண்ணியும் தாளமும் எங்க வீட்டுல மட்டும்தான் கிடைக்கும் என்றார். நரம்புத் தளர்ச்சி, மூன்று வருஷமாகிறது, அதனால்தான் வேலையை விட்டேன், சட்டைப் பொத்தான்கூடப் பக்கத்து வீட்டார் போட்டுவிட வேண்டியிருக்கிறது என்று மற்றதையும் அவராகவே சொன்னார்.

காயில்காரன் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த விரல்களையே பார்த்தான். அவை மடியில் வைத்த இடத்திலும் நிற்காமல் நடுங்கின. பஞ்சும் டேப்பும், பிசிறில்லாத அந்த வெட்டும் கண்முன் வந்து நின்றன. இந்தக் கை அல்ல. அப்படியானால் எந்தக் கை?

"உங்களை ஒருநாள் பார்க்கணும்னு நெனச்சிட்டே இருந்தேன். இதோ சுத்துது பாருங்க" என்று அவர் மேலே காட்டினார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. "ஒரு மாசமா நின்னு கெடந்துச்சு. உங்க வீட்டம்மாதான் ஸ்டூல் மேல ஏறி கெபாசிட்டர் மாத்திக் குடுத்தாங்க. எங்கம்மா கத்துக்கிட்டீங்கன்னா, பதினோரு வருஷமா டார்ச் பிடிச்சிட்டு நிக்கறேன் சார், பார்த்துப் பார்த்தே வந்திருச்சுன்னாங்க. பிசிறே தட்டாத கை. உங்களுக்குப் பெருமையா இருக்குமே."

பெருமையாகத்தான் இருந்தது என்று சொன்னால் பொய். காயில்காரனுக்கு மூஞ்சியில் அறைந்தது போலிருந்தது. பதினோரு வருஷமாக அவள் டார்ச் பிடித்தாள். பிடித்தபோதெல்லாம் அவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான், கையை வெச்சிடாத, ஷாக் அடிக்கும். அந்தக் கை எங்கேயோ ஸ்டூல் மேல் ஏறி யாருக்கோ ஃபேனை ஓடவைத்திருக்கிறது. தன்னிடம் காட்டாத ஒன்றை இந்தத் தலைமுடிக்காரரிடம் காட்டியிருக்கிறாள். பொறாமை போகவில்லை, அதே இடத்தில்தான் இருந்தது. ஆனால் இப்போது அதை யார்மேல் போடுவது என்று தெரியவில்லை. வெட்டின ஆளைத் தேடி ஊரெல்லாம் அலைந்தவன், தினமும் தன் பக்கத்தில் படுக்கிற கையைச் சந்தேகப்படவே இல்லை. அவளால் முடியும் என்று அவன் மண்டைக்கு ஏறவே இல்லை. தண்ணீரைக் குடித்தான். கொண்டுவந்திருந்த வார்த்தைகளையும் சேர்த்து விழுங்கிவிட்டு வெளியே வந்தான்.

சனிக்கிழமை அவளுக்கு அரை நாள். மூன்று மணிக்குச் சத்தமில்லாமல் வந்து நின்றாள். அவன் பட்டறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். சீட்டைக் கழற்றி பெட்டியைத் திறந்து காட்டினான். யார் செய்தது என்று கேட்க நினைத்து, வாய் வரைக்கும் வந்ததை நிறுத்திக்கொண்டு, "நீதானே?" என்றான்.

"நான்தான்." அவள் பையைக்கூட இறக்கவில்லை.

"மாடு மாதிரி கத்துதுன்னா?"

"கத்துனதுக்கு இல்லைங்க. அதைக் கேட்டுட்டு ஒருத்தர் உக்காந்திருந்தீங்களே, அதுக்கு." அவள் குரலை உயர்த்தவில்லை. "போன மாசம் ஒருநாள் தொட்டிகிட்ட நின்னேன். காலையிலேர்ந்து முப்பத்தொரு பேருக்கு ஊசி குத்திட்டு வர்றேன். அஞ்சு நிமிஷம் சும்மா நிக்கணும் போல இருந்துச்சு, நின்னேன். வீட்டுக்கு வந்தா, வளைவுல அஞ்சு நிமிஷம் யாரோட நின்னேன்னு கேக்கறீங்க. யாருமே இல்லை. ஆனா எனக்கு என்னமோ தப்புப் பண்ணிட்டு வந்து மாட்டிக்கிட்ட மாதிரி உடம்பெல்லாம் கூசிப்போச்சு. நாய்னு சொன்னேன். அன்னிக்குப் பூரா அந்த நாய்னு சொன்னதுதான் மனசை அறுத்துச்சு. நின்னதுக்கு ஏன் நான் பொய் சொல்லணும்?"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அக்கறையில்தான் கேட்டேன் என்பதாக இருக்கலாம். அவள் முந்திக்கொண்டாள்.

"வியாழக்கிழமை லாரிக்குப் பின்னாடி உங்க செருப்பு தெரிஞ்சுது. தெரிஞ்சும் நான் நின்னேன். அஞ்சு நிமிஷம் முழுசா நின்னேன். கத்தரி அதோ இருக்கு, ஈயம் இருக்கு, மறுபடி சேர்க்கணும்னா சேர்த்துக்கோங்க. ஆனா சேர்த்தா, சைக்கிள் உங்களுக்கு, எங்க லேப் பக்கத்துல ரூம் எனக்கு. அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டு நீங்க இங்கயே உக்காந்திருக்கலாம்."

எதிரே இஸ்திரிப்பெட்டி நகர்கிற ஓசை நின்றிருந்தது. காயில்காரன் பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். பேசத் தெரிந்தவனாக இருந்தால் மன்னித்துக்கொள் என்று சொல்லியிருப்பான். அவனுக்குத் தெரிந்தது ஒயர்தான்.

"பஞ்சு மழையில ஊறிடும். ஊறினா ரெண்டும் தானா ஒண்ணு சேர்ந்துக்கும். இதுக்கு ஸ்லீவ் போடணும்" என்றான்.

உள்ளே போய்ச் சுருங்குகிற கறுப்புக் குழாயில் இரண்டு துண்டும் லைட்டரும் எடுத்து வந்தான். அவள் கையில் கொடுத்தான். பிறகு டார்ச்சை எடுத்து அவன் பிடித்தான். அவள் வெள்ளை டேப்பை மடித்த ஓரத்தில் பிடித்துப் பிரித்தாள், ஒவ்வொரு முனையிலும் குழாயைச் சொருகினாள், சூடு காட்டினாள். குழாய் சுருங்கி ஒயரைக் கவ்விக்கொண்டது. இனி அவை இரண்டும் சேராது. கையை வெச்சிடாத என்று இரண்டு தடவை அவன் வாய் வரைக்கும் வந்தது. டார்ச் லேசாக ஆடியது. "ஆட்டாம பிடிங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் முன்னும் பின்னும் புதுப் பிரேக் கட்டை போட்டுக் கொடுத்தான். இனிமேல் அதுதானே தேயப்போகிறது.

திங்கட்கிழமை சாயங்காலம் ஒரு பெரிய மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். ஐந்தேகாலுக்கு மெஷினை நிறுத்தவில்லை. நிறுத்தி என்ன கேட்கப்போகிறது? இருந்தாலும் காது பழக்கத்தை விடவில்லை, தொட்டி வளைவு வரை போய்ப் போய்த் திரும்பி வந்தது. எந்த வளைவில் இருக்கிறாள், நின்றாளா, நின்றால் யாரோடு, எத்தனை நேரம் என்று உள்ளே ஒருத்தன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவனை அதட்டுவதில் சுற்றுக்கணக்கு விட்டுப்போய், எண்பதிலிருந்து மறுபடி எண்ண வேண்டியதாயிற்று. அப்படி எண்ணி முடித்து நிமிர்ந்தபோது அவள் கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். ஹெல்மெட் கழற்றி, செருப்பு கழற்றி, பை ஆணியில் மாட்டியாயிற்று. அவன் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"எப்ப வந்த?" கேட்ட பிறகுதான் கேட்டுவிட்டோம் என்று அவனுக்குத் தெரிந்தது.

"இப்பதான்" என்றாள். முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ இருந்தது, அது எதற்கானது என்று அவனால் சொல்ல முடியவில்லை.

சைக்கிள் பட்டறை வாசலிலேயே நின்றது, கையை நீட்டினால் பின்சக்கரம். மோட்டாரில் ஒரு கணம் உள்ளங்கையை வைத்தால் போதும், இப்போதுதானா, அரைமணி ஆகிவிட்டதா என்று தெரிந்துவிடும். அவன் எழுந்தான். விரல்கள் தாமாக விரிந்தன. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, சைக்கிளைத் தாண்டி உள்ளே போய் டீக்குப் பாலை வைத்தான்.